விளையாட்டாய் வந்தது! விளையாட்டால் போகுமா?

"விளையாட்டாய்ப் பிடித்தேன் அண்ணே! விட முடியவில்லை!"

புகைக்கும் தோழர் எவரையேனும் கேட்டுப் பாருங்கள், எப்போது தொடங்கினாய், எதற்காகத் தொடங்கினாய் என்று. பெரும்பாலும் கிடைத்திடும் விடை இதுதான். பள்ளிக்கூட மதிலுக்குப் பின்னால் நண்பன் ஒருவன் நீட்டினான்; வாங்கினேன். திருவிழாக் கூட்டத்திலே ஒருவன் வளையம் வளையமாகப் புகை விட்டான். நமக்கும் வருமா என்று பார்த்தேன். பட்டறையிலே மூத்தவர் பற்றவைத்தார். பாதியைப் பங்கு தந்தார். எல்லாம் விளையாட்டு! பதினைந்தில் விளையாட்டு, இருபதில் பழக்கம், முப்பதில் அடிமைத்தனம். ஐம்பதில்? மருத்துவமனைத் தாழ்வாரத்திலே, எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்க்கும் மருத்துவரின் முகத்தையே பார்த்தபடி வாயடைத்து நிற்கிறாள் மனைவி. அவள் தோளைப் பற்றிக்கொண்டு நிற்கிறான் மகன். அவனுக்கு வயது பதினைந்து!

இந்தியாவில் ஆண்டுதோறும் புகையிலை கொண்டுபோகும் உயிர்கள் ஏறத்தாழ பதின்மூன்றரை இலட்சம். புயலடித்து ஆயிரம் பேர் மாண்டால் நாடே அலறுகிறது. இதற்கு அலறல் இல்லை. ஏனெனில் இது ஒரே நாளில் வரும் சாவல்ல. தவணை முறையில் வரும் சாவு. யாரைத் தேடி வருகிறது என்றும் பாருங்கள். 2016-17ஆம் ஆண்டு நாடு தழுவி எடுக்கப்பட்ட கணக்கின்படி, வயது வந்தோரில் சிகரெட் பிடிப்போர் 4 விழுக்காடு. பீடி பிடிப்போர் 7.7 விழுக்காடு. மாளிகையைவிட மண்குடிசையின் கதவைத்தான் இந்தச் சாவு மிகுதியாகத் தட்டுகிறது.

"தெரிந்துமா புகைக்கிறார்கள்?" என்று கேட்பவர் உண்டு. தெரியாமல் என்ன! சிகரெட் பெட்டியின் முகத்திலே 85 விழுக்காட்டு இடத்தை எச்சரிக்கைப் படம் பிடித்திருக்கிறது, 2016 முதல். ஆனால் நம் தோழன் பெட்டி வாங்குவதில்லையே! ஒன்று, இரண்டு என்று உதிரியாய் வாங்குகிறான். படம் கடைக்காரரிடமே தங்கிவிடுகிறது. புகை மட்டும் தோழனிடம் வருகிறது. அப்படியும் அவன் விட விரும்புகிறான். அதே கணக்கெடுப்பில், புகைப்போரில் பாதிக்கு மேற்பட்டோர், 55.4 விழுக்காட்டினர், விட்டுவிட எண்ணுவதாகக் கூறினர். 38.5 விழுக்காட்டினர் முந்தைய பன்னிரண்டு மாதங்களுக்குள் முயன்றும் பார்த்தவர்கள். அவர்களுள் பெரும்பாலோர் எவர் துணையுமின்றி, எந்த மருந்துமின்றி, பல்லைக் கடித்துக்கொண்டு தனியாகப் போராடியவர்கள். தனியாகப் போராடித் தோற்றவனைப் பார்த்து, "உனக்கு மனவலிமை இல்லை" என்று ஏசுவது எளிது. அவன் எதிரில் நின்ற படையின் அளவை எண்ணிப் பார்ப்பது யார்?

இந்த நிலையிலேதான் ஒரு யோசனை உலகில் பல இடங்களில் பேசப்படுகிறது. புகையை விட, விளையாட்டைத் துணைக்கு அழை என்கிறார்கள்.

சிரிக்கிறீர்கள்! "நுரையீரல் வேகிறது, விளையாடச் சொல்கிறாயே! நாங்கள் என்ன பாலகரா?" என்கிறீர்கள். நானும் முதலில் நகைத்தவன்தான். பிறகு, இந்த யோசனையைக் கேட்டு ஒருபோதும் நகைக்காத கூட்டம் ஒன்று இருப்பது நினைவுக்கு வந்தது. புகையிலை முதலாளிகள்!

விளையாட்டின் ஆற்றலை அவர்களைப்போல் அறிந்தவர் எவர்? 1880களிலேயே அமெரிக்கச் சிகரெட் நிறுவனங்கள் பெட்டிக்குள் வண்ணப் பட அட்டைகளை வைத்தன. மெல்லிய காகிதப் பெட்டி நசுங்காமலிருக்க ஓர் அட்டை என்பது சாக்கு. அந்த அட்டையிலே பேஸ்பால் ஆட்டக்காரர், நடிகை, குத்துச்சண்டை வீரர்! இங்கிலாந்தின் வில்ஸ் நிறுவனம் 1896-ல் கிரிக்கெட் ஆட்டக்காரர்களின் படவரிசை ஒன்றை வெளியிட்டது. வரிசை முழுவதையும் சேர்க்க வேண்டும். சேர்க்காதவனுக்குத் தோழர்களிடையே மதிப்பில்லை. ஆகவே, "அப்பா, இன்னொரு பெட்டி வாங்கு!" என்று நச்சரித்தது யார்? பிள்ளை! புகைப்பவன் தந்தை, புகை விற்பவன் முதலாளி, இடையிலே கூலியில்லாத் தரகன் சிறுவன். 

1968-ல் பந்தயக் கார்கள் சிகரெட் பெட்டியின் வண்ணத்தைப் பூசிக்கொண்டு பாய்ந்தன. நம் நாட்டில்? 1996-ல் இந்தியா, பாகிஸ்தான், இலங்கை மூன்றும் சேர்ந்து நடத்திய உலகக் கோப்பைக் கிரிக்கெட்டின் பெயரே 'வில்ஸ் உலகக் கோப்பை'. இந்திய வீரர்களின் சட்டையில் மார்பின்மீது அந்தப் பெயர். எந்த இடம் தேடினார்கள் பாருங்கள்! உள்ளே நுரையீரல், மேலே சிகரெட்டின் பெயர்! மூச்சு வாங்க ஓடி நூறு ஓட்டம் எடுத்தவன் புகழெல்லாம், மூச்சை அடைக்கும் சரக்குக்கு விளம்பரமாயிற்று. தடைச் சட்டம் வரவிருந்த வேளையில், 2001-ல்தான் அந்த நிறுவனம் சட்டையை விட்டு இறங்கியது. சட்டம் 2003-ல் நிறைவேறியது. வெள்ளித்திரையிலோ சிகரெட்டைச் சுண்டியெறிந்து உதட்டால் பற்றும் வித்தை நடந்தது. தெருவிலே எத்தனை சிறுவர் சாக்கட்டித் துண்டை வைத்துக்கொண்டு அந்த வித்தையைப் பழகினர்! முதலில் சாக்கட்டி, பிறகு சிகரெட்.

ஆக, நூறாண்டுக்கு மேலாக அவர்கள் ஆட்டம் காட்டி நம்மவரைப் பிடித்தார்கள். அந்த ஆட்டத்தையே நாம் ஆயுதமாக்கினால் மட்டும் அது பாலகர் வேலையா?

எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். புகையை ஒருமுறை இழுத்தால், நிக்கோட்டின் என்னும் நஞ்சு பத்து இருபது விநாடிகளில் மூளையைச் சேர்கிறது. சேர்ந்தவுடன் ஒரு சிறு இன்பம். ஒரு சிகரெட்டுக்குப் பத்து இழுப்பு என்று வைத்துக்கொண்டால், நாளுக்குப் பத்துப் புகைப்பவனுக்கு நூறு முறை பரிசு! எந்தப் பள்ளிக்கூடத்திலே, எந்த வாத்தியார், ஒரு பாடத்தை நாளுக்கு நூறு முறை பரிசு கொடுத்துச் சொல்லித் தருகிறார்? அந்தப் பாடம் மனத்தை விட்டுப் போகுமா? விட்டவனுக்கு ஏக்கம் வருகிறது, கடல் அலைபோல. அலை எழும், உச்சிக்குப் போகும், சில நிமிடங்களில் இறங்கும். எழுந்த அலை இறங்கியே தீரும் என்பதுதான் அவனுக்குத் தெரிவதில்லை. அந்தச் சில நிமிடங்களிலே கை சும்மா இருக்கிறது. வாய் சும்மா இருக்கிறது. மனமோ சும்மா இல்லை. தேநீர்க் கடை பெஞ்சு தெரிகிறது, கண்ணாடித் தம்ளர் தெரிகிறது, விரலிடையே வெண்சுருள் தெரிகிறது, நுனியில் நெருப்புத் தெரிகிறது. ஏக்கம் என்பது பாதி இந்தப் படம்தான், தோழர்களே! மனத்திரையில் ஓடும் விளம்பரப் படம்!

அந்தத் திரையிலே வேறு படத்தை ஓட்டினால்? இங்கிலாந்தின் பிளைமவுத் பல்கலைக்கழகத்தார் இதைச் சோதித்தனர். 1984-ல் மாஸ்கோவின் அறிவியல் கழகத்தில் பணியாற்றிய பஜித்னோவ் என்பவர் உருவாக்கிய 'டெட்ரிஸ்' என்னும் ஆட்டம் உங்கள் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கும். மேலிருந்து விழும் வண்ணக் கட்டைகளைத் திருப்பித் திருப்பி, இடைவெளியில்லாமல் அடுக்க வேண்டும். இளைஞர் 31 பேர், ஒரு வாரம். நாளுக்கு ஏழு முறை, உனக்கு இப்போது என்ன ஏக்கம், எவ்வளவு ஏக்கம் என்று கேட்டனர். சிகரெட் மட்டுமல்ல, மது, காப்பி, தின்பண்டம் எல்லாமும் கணக்கில் உண்டு. மூன்றே நிமிடம் ஆடியபின் ஏக்கத்தின் வலிமை நூற்றுக்கு 70 என்பதிலிருந்து 56 ஆகக் குறைந்ததாக 2015-ல் வெளியிட்டனர். கட்டையை அடுக்க மனத்தின் கண் வேண்டும். சிகரெட்டைக் கற்பனை செய்யவும் அதே கண்தான் வேண்டும். ஒரு கண் இரண்டு படம் பார்க்குமா?

"பதினான்கு புள்ளிதானே! இவ்வளவுதானா?" என்பீர்கள். இவ்வளவுதான். முப்பத்தொரு பேரிடம் ஒரு வாரம் கண்டதை வைத்து ஊரெல்லாம் தண்டோராப் போட நான் வரவில்லை. ஆனால் சடுகுடு ஆடியவரைக் கேளுங்கள். கோட்டைத் தொட ஒரு சாண் தூரம், இன்னும் ஒரு மூச்சு. அந்த ஒரு மூச்சுதான் பிடிபட்டவனையும் தப்பியவனையும் பிரிக்கிறது. அலை உச்சியில் இருக்கும்போது பதினான்கு புள்ளி என்பது அந்த ஒரு மூச்சு. கைபேசி இல்லாதவர் வேகமாக ஒரு நடை போகட்டும். ஐந்து பத்து நிமிட விறுவிறு நடையும் ஏக்கத்தை அப்போதைக்குத் தணிக்கும் என்று கண்டிருக்கிறார்கள். சடுகுடு ஆடினால் இன்னும் நன்று. மூச்சைக் கட்டிப் பாடிக்கொண்டே ஓட வேண்டிய ஆட்டத்தில், புகைத்தவன் யார், விட்டவன் யார் என்பது இரண்டாம் பாட்டிலேயே ஊருக்குத் தெரிந்துவிடும்!

கனடா நாட்டின் கியூபெக்கிலே இதனினும் வேடிக்கையான ஒன்றைச் செய்தார்கள். கணினியிலே ஒரு பழங்காலக் கோட்டை. புகையை விட வந்தவர் கண்ணிலே திரைக்கவசம் அணிந்து, அந்தக் கோட்டைக்குள் புகுந்து, மூலை முடுக்கெல்லாம் தேடி, கிடக்கும் சிகரெட்டுகளைக் கையால் நசுக்க வேண்டும். வந்த 91 பேரில் ஒரு பகுதியினருக்கு இந்த வேலை. மற்றவருக்கு அதே கோட்டையில் சிகரெட்டுக்குப் பதில் பந்தைத் தேடிப் பிடிக்கும் வேலை. மருத்துவ அறிவுரை இரு பிரிவுக்கும் ஒன்றே. பன்னிரண்டாம் வாரம் சோதித்தபோது, பந்து பிடித்தவரில் புகையை விட்டிருந்தோர் 2 விழுக்காடு. நசுக்கியவரில் 15 விழுக்காடு! 2009-ல் வந்த ஆய்வு இது. எனக்கு இதில் பிடித்தது ஒன்று. சிகரெட்டை எடுக்கவும் உதட்டில் வைக்கவும் பழகிய கை அது. அதே கைக்கு, அதே சிகரெட்டை நசுக்கும் வேலை தரப்பட்டது. அடிமையாக இருந்த கைக்கே வாளைக் கொடுத்தார்கள்.

இனி என் கதையைச் சொல்கிறேன். இதை எழுதுபவன் புனிதன் அல்லன்; ஏழாண்டு புகைத்தவன். கூட்டம் முடிந்து நள்ளிரவில் மேடைக்குப் பின்னால், தொண்டை எரிய எரியப் புகைத்தவன். மூன்று முறை விட்டேன், மூன்று முறை தொட்டேன். நான்காம் முறை நண்பன் ஒருவன் பந்தயத்துக்கு அழைத்தான்; அவனும் புகைப்பவன். முதலில் தொடுபவன் மற்றவன் வீட்டுக்கு ஒரு மாதம் குடிநீர்க் குடம் சுமக்க வேண்டும், காலையிலே, தெரு பார்க்க! தோழர்களே, புற்றுநோய்க்கு அஞ்சாத நான் அந்தக் குடத்துக்கு அஞ்சினேன். நோய் எங்கோ இருபதாண்டுக்கு அப்பால் நின்றது. குடமோ நாளைக் காலையிலேயே வாசலில் நின்றது. அவன் அஞ்சவில்லை போலும். பதினெட்டாம் நாள் தோற்றான். ஒரு மாதம் குடம் சுமந்தான். சுமந்து முடித்தபின் மறுபடி பந்தயம் கட்டச் சொன்னான்.

இந்தக் குடத்தின் தத்துவத்தைத்தான் பிலிப்பைன்ஸ் நாட்டிலே ஒரு வங்கி ஏழை மக்களிடையே நடத்திப் பார்த்தது. மிண்டனாவோ தீவின் காரகா வட்டாரம். கூலிக்காரரும் சிறு வணிகரும் நிறைந்த ஊர்கள். புகைப்பவரிடம் வங்கிக்காரர் தெருவிலேயே போய்ச் சொன்னார்: "ஐம்பது பெசோ கொடுத்துக் கணக்குத் தொடங்கு. சிகரெட்டுக்குச் செலவிடும் காசை வாரந்தோறும் இதில் போடு. நாங்களே வந்து வாங்கிக்கொள்கிறோம். வட்டி கிடையாது. ஆறு மாதம் எடுக்க முடியாது. ஆறாம் மாத முடிவில் சிறுநீர்ச் சோதனை. நிக்கோட்டின் இல்லையென்றால் உன் பணம் உனக்கே. இருந்தால் அவ்வளவும் தருமத்துக்கு!" கினே, கார்லன், சின்மன் என்னும் மூன்று பொருளியல் அறிஞர்கள் சுமார் இரண்டாயிரம் பேரிடம் இதை ஆராய்ந்து, 2010-ல் முடிவை வெளியிட்டனர்.

நூற்றுக்குப் பதினொரு பேர்தான் கையெழுத்திட்டனர். தன் பணத்தையே பணயம் வைக்க யாருக்குத் துணிவு வரும்! ஆயினும், இந்த வாய்ப்புத் தரப்பட்டவர் கூட்டத்திலே, ஏற்றவர் ஏற்காதவர் அனைவரையும் சேர்த்துக் கணக்கிட்டாலும், சோதனையில் தேறியோர் மற்றக் கூட்டத்தைவிட நூற்றுக்கு மூவர் கூடுதல். பன்னிரண்டாம் மாதம், பணமெல்லாம் திருப்பிக் கொடுத்தபிறகு, சொல்லாமல் கொள்ளாமல் போய்ச் சோதித்தபோதும் அந்த வேறுபாடு நின்றது. இந்தக் கடைசிச் செய்தியை மறந்துவிடாதீர்கள். பரிசு போனபின் பழக்கமும் போகும் என்பவர்க்கு அதுதான் மறுமொழி.

நம் ஊரிலே இதற்குப் புதுப் பெயர் தேட வேண்டாம். சீட்டுப் போடத் தெரியாத தெரு எது? நாளுக்கு ஐம்பது ரூபாய் புகைப்பவன் ஆண்டுக்கு 18,250 ரூபாயைப் பற்றவைக்கிறான். அந்தப் பணம் சீட்டாக விழுந்தால் மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காயிற்று, ஒழுகும் கூரைக்காயிற்று.

தொழிற்சங்கத் தோழர்கள் இன்னொன்றும் கேட்க வேண்டும். அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் 878 பணியாளரிடம் ஒரு சோதனை நடந்தது, 2009-ல் வெளிவந்தது. ஒரு பிரிவுக்கு வெறும் தகவல். மற்றப் பிரிவுக்கு, விட்டுக் காட்டினால் படிப்படியாக 750 டாலர் வரை பரிசு. ஓராண்டளவில் பரிசுப் பிரிவில் விட்டிருந்தோர் 14.7 விழுக்காடு, தகவல் பிரிவில் 5 விழுக்காடு. பரிசு என்றால் தொழிலாளி சோம்பேறியாவான் என்று முனகும் முதலாளிமார் உண்டல்லவா? நோயுற்ற தொழிலாளியால் தங்களுக்கு ஏற்படும் இழப்பை அவர்களே கணக்குப் பார்த்துக்கொள்ளட்டும். அடுத்த ஊதிய ஒப்பந்தத்தின் கோரிக்கைப் பட்டியலிலே இதற்கும் ஒரு வரி இருக்கட்டும் என்கிறேன்.

பரிசுப் போட்டியின் ஓட்டையையும் மறைக்கக் கூடாது. பின்லாந்திலே 1986-ல் 'விடு, வெல்' என்று நாடு தழுவிய போட்டி நடத்தினார்கள். நான்கு வாரம் புகைக்காதவர் பெயரைக் குலுக்கிப் பரிசு தருவது. அமெரிக்காவின் மினசோட்டாவில் பிறந்த யோசனை அது. 1994-லிருந்து பல நாடுகளுக்குப் பரவியது. பிற்பாடு ஆராய்ந்தவர்கள் கண்டது என்ன? ஊரில் புகைக்கும் ஐந்நூறு பேரில் ஒருவரைக்கூட இப்போட்டி கூடுதலாக விடுவித்ததாகத் தெரியவில்லை. பொய் சொல்லிப் பரிசுக்கு வந்தவரும் மிகுதி! யாரோ ஒரு முகமறியாதவர் எங்கோ குலுக்குகிறார். அவரிடம் பொய் சொல்ல என்ன கூச்சம்? பக்கத்துத் தறியில் நிற்பவனிடம் அப்படிப் பொய் சொல்ல முடியுமா? சட்டையே காட்டிக் கொடுத்துவிடுமே!

கைபேசி விளையாட்டு என்றவுடன் ஓர் அச்சமும் எழுகிறது, நியாயமான அச்சம். இணையவழி ரம்மி தமிழ்நாட்டிலே எத்தனை வீட்டு விளக்கை அணைத்தது! மாநிலம் 2022-ல் சட்டம் போட்டது. பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களை நாடு முழுவதும் தடுத்து மத்தியச் சட்டம் 2025-ல் வந்தது. பீடியை விட்டுச் சூதைப் பிடித்தால், அது பாம்பை உதறிவிட்டுத் தேளைப் பிடித்த கதை. காசு கேட்கும் ஆட்டம் எதுவாயினும் தொடாதீர்கள். கட்டை அடுக்குவதற்குக் காசு வேண்டாம். தாயக் கட்டைக்கும் ஆடுபுலி ஆட்டத்துக்கும் கைபேசியே வேண்டாம். தரையும் கரித்துண்டும் போதும்.

"எல்லாரும் பீடியை விட்டுவிட்டால், பீடி சுற்றும் தாய்மார் கதி?" நெல்லைச் சீமையிலிருந்து இந்தக் கேள்வி வரும். வரவேண்டிய கேள்விதான். முறத்தை மடியில் வைத்துக்கொண்டு, புகையிலைத் தூளை நாளெல்லாம் மூச்சோடு உள்ளிழுக்கும் அந்தத் தாய்மாருக்கும் இந்தத் தொழில் வாழ்வு தந்ததாகச் சொல்ல எனக்கு நா எழவில்லை. அவர்களுக்கு மாற்று வேலை கேட்பது தனிப் போராட்டம். அதைத் தனியே எழுதுகிறேன்.

இனி வேலைக்கு வருவோம். ஒவ்வொரு படிப்பகத்திலும், ஒவ்வோர் ஆலை வாயிலிலும் பத்துப் பேர் சேருங்கள். சம்பள நாளன்று தொடங்குங்கள். அவரவர் புகைக்குச் செலவிட்டது எவ்வளவோ அவ்வளவு வாரந்தோறும் சீட்டில் விழட்டும். பணத்தை ஆடுபவர் எவரும் வைத்திருக்கக் கூடாது. புகைக்காத ஒருவரிடம், கணக்கு நோட்டுடன் இருக்கட்டும். அவர் வீட்டு அம்மையாரிடமே இருந்தால் இன்னும் பத்திரம். ஒவ்வொருவருக்கும் ஒரு சாட்சி. மனைவியைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை. முதல் வாரம்தான் கொடியது. அந்த வாரத்தில் இரவு தோறும் படிப்பகத்தில் ஆட்டம் நடக்கட்டும். ஏக்கம் தாங்காதவர் 1800-11-2356 என்னும் எண்ணை அழைக்கலாம். அரசு நடத்துவது, கட்டணமில்லை. நிக்கோட்டின் சூயிங்கமும் மருந்தும் வேண்டுமென்றால் மருத்துவரிடம் போங்கள். மருந்து சாப்பிட்டதற்காக யாரையும் ஆட்டத்திலிருந்து விலக்காதீர்கள்.

ஆறு மாதம் தாண்டியவருக்கு அவர் பணம் முழுதும். இடையிலே தொட்டுவிட்டவர் பணம் படிப்பகத்துக்குப் புத்தகமாகட்டும். பணம்தான் போகட்டும், தோழரைப் போகவிடாதீர்கள். அடுத்த சம்பள நாளன்று அவர் பெயரை மறுபடி முதல் வரியில் எழுதுங்கள். குடம் சுமந்தானே என் நண்பன், அவன் மூன்றாம் பந்தயத்திலேதான் வென்றான்.